எத்தனை முறை, என்ன ரேட்?

தேர்தல் விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று வாங்க நிரப்பும் படிவத்தில் சில கேள்விகள் இருக்கும். விளம்பரம் தயாரிக்க என்ன செலவு? ஒளிபரப்ப என்ன செலவு? எத்தனை முறை ஒளிபரப்பாகும்? ஒரு முறைக்கு என்ன ரேட்? 2004 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவிலிருந்து பிறந்த கேள்விகள் இவை. அதுவரை 1994-ஆம் வருஷத்து கேபிள் டிவி விதிகள் அரசியல் விளம்பரத்தையே தடுத்து வைத்திருந்தன. அந்தத் தடை செல்லாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது. ஜெமினி டிவி சம்பந்தப்பட்ட அந்த வழக்கு டெல்லிக்குப் போனது. விளம்பரம் போடலாம், ஆனால் போடுவதற்கு முன்பே சான்று வாங்க வேண்டும், செலவைச் சொல்ல வேண்டும், பணத்தை செக்காகவோ டி.டி.யாகவோதான் கொடுக்க வேண்டும் என்று அங்கே முடிவானது.

அந்த உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்த தேர்தல்களிலெல்லாம் ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்து இந்தப் படிவத்தை நிரப்பியிருக்கிறேன். முதலில் மதுரையில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில், பிறகு சென்னையில் விளம்பர ஏஜென்சியில். டிவிக்காக எழுதப்பட்ட கேள்விகளுக்கு இன்று ஸ்ட்ரீமிங்கை வைத்துப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. பதில் எழுத முடியவில்லை என்பதுதான் என் கவலை. அந்தக் கவலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2006 சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் எங்கள் சேனலில் டிராஃபிக் வேலை என்னுடையது. எந்த நேரத்தில் எந்த ஸ்பாட் ஓட வேண்டும் என்று பட்டியல் போடுவது, ஓடியதா என்று பார்ப்பது, ஓடியதற்கு டெலிகாஸ்ட் சர்டிபிகேட் கொடுப்பது. ஏஜென்சியிலிருந்து ஆர்.ஓ. என்கிற ரிலீஸ் ஆர்டர் வரும். அதில் பத்து நொடிக்கு இன்ன ரேட், ஒரு நாளைக்கு இத்தனை ஸ்பாட் என்று இருக்கும். ஒளிபரப்பு அறையில் நீளமான ஒரு கோடு போட்ட நோட்டு. நேரம், டேப் நம்பர், பார்ட்டி பெயர், எத்தனை நொடி, ஆபரேட்டர் கையெழுத்து என்று ஐந்து பத்தி. கரண்ட் போய் ஸ்பாட் விட்டுப்போனால் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். ஷிப்ட் மாறும்போது வருகிறவரும் போகிறவரும் கையெழுத்துப் போடுவார்கள். தேர்தல் நேரத்தில் அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, எழுதியிருப்பதை எங்கள் பில்லோடு ஒத்துப் பார்த்து, ஓரத்தில் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போவார்.

அந்த நோட்டைப் பார்க்க அவர் மட்டும் வரவில்லை. வேட்பாளர்களின் ஆட்களும் வந்தார்கள். ஒருநாள் காலையில் கரை வேட்டியோடு ஒருவர் வந்து நின்றார்.

"ஏம்மா, நேத்து ராத்திரி நியூஸுக்கு நடுவுல அவங்க ஸ்பாட் எத்தனை வாட்டி போச்சு? நோட்ட கொஞ்சம் காட்டும்மா."

நான் முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "காட்டிரும்மா. மறைச்சோம்னா நாளைக்கு நம்மளையும் ஒரு கட்சிக்காரன்னு ஊரு சொல்லும்" என்றார். வந்தவர் பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணி, சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து அவர்கள் கட்சி கொடுத்த புகாரில் அந்த எண்ணிக்கை இருந்தது. சரியாகவே இருந்தது.

அந்தக் காலம் யோக்கியமானது என்று நான் சொல்ல வரவில்லை. பிறந்தநாள் வாழ்த்து என்ற பெயரில் வேட்பாளர் படத்தைப் போட்டார்கள். நகைக்கடை விளம்பரத்தின் கடைசி நொடியில் ஒரு சின்னம் எட்டிப் பார்த்தது. பில்லில் இருந்த ரேட்டும் கையில் வாங்கிய ரேட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்திருக்காது. ஆனால் எது ஓடியது, எத்தனை மணிக்கு ஓடியது என்பதை மறைக்க வழியில்லை. ஊரே ஒரே நேரத்தில் ஒரே விளம்பரத்தைப் பார்த்தது. நோட்டில் எழுதாமல் விட்டால் பார்த்தவர்கள் சாட்சி. பதிவேடும் ஊரின் கண்ணும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டன.

2011-ல் கெடுபிடி கூடியது. வேட்பாளர் சொல்லும் கணக்கு ஒரு பக்கம், தேர்தல் ஆணையத்தின் ஆட்களே தனியாக எழுதும் நிழல் பதிவேடு இன்னொரு பக்கம். வேட்பாளர் வைக்க வேண்டிய கணக்கு நோட்டில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக் கணக்குக்கு மஞ்சள். முடிவு வந்து 30 நாளுக்குள் அதை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவரை மூன்று வருஷம்வரை தேர்தலில் நிற்கத் தகுதியற்றவராக்கலாம். அந்தக் கணக்கை ஒரு ரூபாய் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கின்றன 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள். எனக்குப் பிடித்த விதி அது. ஓட்டுப் போடுகிறவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று அதைவிட எளிமையாக வேறெங்கும் எழுதி நான் பார்த்ததில்லை.

இணையத்தையும் ஆணையம் விட்டுவிடவில்லை. 2013 அக்டோபர் 25 அன்று வந்த அறிவுரையில், இணைய விளம்பரத்துக்கும் முன்அனுமதிச் சான்று வேண்டும், இணைய நிறுவனங்களுக்குக் கொடுத்த பணமும் விளம்பரம் தயாரித்த செலவும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களின் சம்பளமும் கணக்கில் வர வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. எண்ணத்தில் குறையே இல்லை. குறை படிவத்தில் இருக்கிறது.

ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலான விளம்பரத்தை நாங்கள் ஸ்பாட் கணக்கில் வாங்குவதில்லை, இம்ப்ரெஷன் கணக்கில் வாங்குகிறோம். ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று பேசுவோம். இல்லையென்றால் ஏலத்தில் விடுவோம். ஒருவர் போனில் நிகழ்ச்சி நின்று விளம்பர இடைவேளை வரும் அந்த நொடியில், அந்த ஓர் இடத்துக்குப் பல விளம்பரதாரர்களின் கம்ப்யூட்டர்கள் விலை சொல்லும். அதிகம் சொன்னவருடைய விளம்பரம் ஓடும். அடுத்த வீட்டில் அதே நொடியில் வேறு விலை, வேறு விளம்பரம். இதில் "எத்தனை முறை" என்பது முடிந்த பிறகுதான் தெரியும். "ஒரு முறைக்கு என்ன ரேட்" என்பதற்கு லட்சக்கணக்கான பதில்கள் இருக்கும். ஆனால் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டியதோ விளம்பரம் ஓடுவதற்கு முன்பு. கட்சிகளும் வேட்பாளர்களும் மூன்று நாள் முன்பு, மற்றவர்கள் ஏழு நாள் முன்பு. ஆகவே மொத்த பட்ஜெட்டை எழுதி, உத்தேசமாக ஓர் எண்ணிக்கையைப் போட்டு, "மாறுதலுக்குட்பட்டது" என்று அடியில் எழுதிக் கொடுக்கிறோம். உண்மையில் என்ன ஓடியது என்பதைப் பிறகு வந்து சொல்லுங்கள் என்று அந்தப் படிவம் கேட்பதில்லை.

ஒரு ஐ.பி.எல். மாலை. வீட்டில் நானும் என் அக்கா மகனும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனில் ஒரே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓவர் முடிந்தது. என் போனில் பெயிண்ட் விளம்பரம். அவன் போனில் ஒரு கட்சியின் விளம்பரம். முதல்முறை ஓட்டுப் போடப்போகிற வயசு அவனுக்கு. விளம்பரத்தை ஒளிபரப்போடு சர்வரிலேயே தைத்து அனுப்புகிறார்கள் என்பதால், இரண்டு போனுக்கும் வருவது ஒரே ஆட்டம், ஆனால் தனித்தனி ஒளிபரப்பு. தொழில்நுட்பம் எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் அதைக் கண்ணெதிரே பார்த்தபோது மனசு சங்கடப்பட்டது. அவனுக்கு என்ன சொல்லி ஓட்டுக் கேட்கிறார்கள் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியாது. நோட்டைச் சரிபார்க்க ஊரின் கண் இருந்தது என்றேனே, அந்தக் கண் இப்போது இல்லை. மிச்சம் இருப்பது பதிவேடு மட்டும். அதனால்தான் பதிவேடு அன்றைவிட இன்று பல மடங்கு முக்கியம்.

பதிவேட்டுக்குப் பஞ்சமும் இல்லை. எந்தப் பார்வை எந்த நொடியில், எந்த ஊரில், போனிலா டிவியிலா, முழுதாகப் பார்த்தாரா பாதியில் விட்டாரா என்று ஒவ்வொன்றும் ஸ்ட்ரீமிங் நிறுவனத்தின் சர்வரில் பதிவாகிறது. மதுரையில் எங்கள் ஆபரேட்டர் கனவில்கூட நினைக்காத துல்லியம். அந்தப் பதிவிலிருந்து எங்களுக்கு வருவது ஒரு டேஷ்போர்டு. அதிலிருந்து கட்சிக்குப் போவது ஒரு எக்ஸெல் தாள். அதிலிருந்து வேட்பாளரின் கணக்கு நோட்டுக்குப் போவது "டிஜிட்டல் விளம்பரம்" என்று ஒரு வரியும் ஒரு தொகையும். ஒரு ரூபாய் கட்டிப் பார்க்க வருகிறவருக்குக் கிடைப்பது அந்த ஒரு வரிதான்.

2024 மக்களவைத் தேர்தலில் நடந்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. 17-ஆம் தேதி மாலை 6 மணியோடு பிரசாரம் முடிந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி அதன் பிறகு இங்கே டிவியிலோ அதுபோன்ற கருவியிலோ தேர்தல் விஷயத்தைக் காட்டக் கூடாது. ஆனால் பெங்களூருவில் வாக்குப்பதிவு 26-ஆம் தேதி. அங்கே விளம்பரம் தொடரலாம். டிவி காலத்தில் தமிழ் சேனலில் ஸ்பாட்டை நிறுத்தினால் தீர்ந்தது. ஸ்ட்ரீமிங்கில் மாநிலத்தை மட்டும் விலக்கி வைக்க வேண்டும். 6 மணிக்கு முன்பே தமிழ்நாட்டையும் புதுச்சேரியையும் விலக்கி, அமைப்பைச் சேமித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம்.

ஓசூர் என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. போன் எங்கே இருக்கிறது என்பதை இந்தத் தளங்கள் பெரும்பாலும் ஐ.பி. முகவரியை வைத்துத்தான் ஊகிக்கின்றன. எல்லையோரத்தில் இருக்கும் போனின் இணைப்பு பக்கத்து மாநிலத்தின் பெருநகரம் வழியாகப் போனால், ஓசூர்க்காரர் பெங்களூருக்காரராகத் தெரிவார். அவருக்கு விளம்பரம் போகும். ரிப்போர்ட்டில் அது "கர்நாடகா" என்றே பதிவாகும். விதிப்படி எல்லாம் சரியாக இருக்கும், விதி காக்க நினைத்த வாக்காளர் மட்டும் அதற்கு வெளியே நிற்பார். 5:50-க்கு நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு 6:10-க்குத் தொடர்ந்தவருக்கு எது ஓடியிருக்கும் என்றும் கேட்டேன். அந்தத் தளத்திலிருந்து பதில் வரவில்லை.

அந்த ரிப்போர்ட்டை ஓர் அதிகாரியிடம் காட்டியபோது அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். "கடைசி விளம்பரம் மத்தியானம் 12:29-ன்னு இருக்கே, சாயங்காலம் வரைக்கும் ஓட்டினதா சொன்னீங்களேம்மா?" சர்வர் எழுதுவது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும் சார், 12:30 என்றால் நமக்கு மாலை 6 மணி என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, பென்சிலால் பக்கத்தில் எழுதிக்கொண்டார். நல்ல மனிதர், கெட்டிக்காரர். அவர் மேசையில் அப்படி எத்தனையோ ரிப்போர்ட்டுகள் கிடந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில். எல்லோரும் ஒரே வடிவில், இந்திய நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி உத்தரவு இருந்தால் அவர் வேலை பாதியாகும்.

வைத்திருக்க வேண்டிய காலமும் ஒரு பிரச்சினை. ஒளிபரப்பியதை டிவி சேனல்கள் 90 நாள் வைத்திருக்க வேண்டும். இணையத்தில் நிகழ்ச்சி வெளியிடுகிறவர்கள் குறைந்தது 60 நாள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். நடுவில் வந்து போகும் விளம்பரம் அதில் சேருமா என்பதற்குத் தொழிலில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். சேரும் என்றே வைத்துக்கொள்வோம். 2024 ஏப்ரல் 10 அன்று ஓடிய விளம்பரத்துக்கு 60 நாள் ஜூன் 9-ல் முடிந்துவிடும். தேர்தல் முடிவு வந்தது ஜூன் 4. தேர்தல் வழக்குப் போட முடிவிலிருந்து 45 நாள், அதாவது ஜூலை 19 வரை அவகாசம். டிவியின் 90 நாள்கூட ஜூலை 9-ல் முடிகிறது. வழக்குப் போட உரிமை இருக்கும் நாளில், வழக்குக்கு வேண்டிய ஆதாரத்தை வைத்திருக்கும் கடமை முடிந்துபோயிருக்கும்.

இன்னொரு ஓட்டையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம்வரை செலவு செய்யலாம் என்பது 2022-ல் வைத்த வரம்பு. ஆனால் கட்சி பொதுவாகச் செய்யும் பிரசாரம் வேட்பாளர் கணக்கில் வராது, கட்சிக்கு வரம்பும் கிடையாது. டிவியில் கட்சி விளம்பரம் என்றால் மாநிலம் முழுக்கத் தெரிந்தது, அது பொதுப் பிரசாரம் என்று ஒப்புக்கொள்ளலாம். ஸ்ட்ரீமிங்கில் கட்சியின் பெயரிலேயே விளம்பரம் வாங்கி, இழுபறியான ஒரே தொகுதியின் பின்கோடுகளுக்கு மட்டும் அனுப்ப முடியும். வேட்பாளர் பெயர் அதில் இருக்காது. பில்லில் கட்சிப் பெயர் இருக்கும். எந்த ஊருக்குப் போனது என்ற விவரம் வெளியே வந்தால்தான் அது பொதுப் பிரசாரமா, ஒருவருக்காகச் செய்ததா என்று கேட்கவே முடியும்.

எல்லோரும் மறைக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. கூகுள் 2019 தேர்தலுக்கு முன்பே இந்தியாவின் அரசியல் விளம்பரங்களைப் பொதுவில் வைக்கத் தொடங்கியது. யூடியூபில் ஓடும் கட்சி விளம்பரத்தைக் கொடுத்தது யார், எந்தத் தேதிகளில் ஓடியது, ஏறக்குறைய எவ்வளவு செலவு என்று இன்றும் யாரும் தேடிப் பார்க்கலாம். முன்அனுமதிச் சான்று இல்லாமல் விளம்பரம் வாங்குவதில்லை என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள். ஃபேஸ்புக்கிலும் அதேபோல் ஒரு விளம்பர நூலகம் இருக்கிறது. சீரியலும் சினிமாவும் காட்டும் மற்ற தளங்களில் இப்படி ஒன்றைத் தேடி எனக்குக் கிடைத்ததில்லை.

அமெரிக்காவிலும் இதே இடைவெளி உண்டு. அங்கே ஒவ்வொரு டிவி நிலையமும் அரசியல் விளம்பரத்துக்கென்று தனி ஃபைல் வைக்க வேண்டும். இடம் கேட்டது யார், கொடுத்தார்களா மறுத்தார்களா, என்ன ரேட், எந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். இரண்டு வருஷம் பாதுகாக்க வேண்டும். முன்பு நிலையத்துக்கு நேரில் போய் அலமாரியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2012-ல் பெருநகர நிலையங்களும் 2014-ல் மற்ற டிவி நிலையங்களும் அதை இணையத்தில் ஏற்றத் தொடங்கின. ஆனால் அந்தக் கடமை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு இல்லை. 2022 ஜூலையில் கருக்கலைப்பு, துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய ஜனநாயகக் கட்சி விளம்பரங்களை ஹுலு வாங்க மறுத்தது. விஷயம் வெளியே வந்து சத்தம் எழுந்த பிறகு டிஸ்னி கொள்கையை மாற்றிக்கொண்டது. டிவி நிலையம் மறுத்திருந்தால் அந்த மறுப்பு ஃபைலில் ஏறியிருக்கும். ஹுலு மறுத்ததோ, கட்சி தானாக வாய் திறந்ததால்தான் ஊருக்குத் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 அக்டோபர் 10 முதல் அரசியல் விளம்பரப் பதிவுகளை ஏழு வருஷம் வைத்திருக்கச் சொல்லும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூகுளும் மெட்டாவும் அங்கே அரசியல் விளம்பரம் வாங்குவதையே நிறுத்திவிட்டன. கடுமையாகக் கேட்டால் இப்படியும் ஆகலாம் என்பது எனக்கும் பயம்தான். அதற்காகக் கேட்காமல் இருக்க முடியாது.

போன தேர்தலில் ஒரு கட்சியின் இளைஞர் அணிப் பையன் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தான். "அக்கா, எங்க தொகுதியில அவங்க விளம்பரம் எவ்ளோ ஓடிச்சுன்னு ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க" என்று கேட்டான். அந்த நம்பர் என் கம்ப்யூட்டரில் இருந்தது. வாடிக்கையாளரின் விவரத்தை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொல்ல முடியாது தம்பி என்று அனுப்பினேன். அவன் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை.

என்னால் ஆனதை இப்போது செய்கிறேன். ஒவ்வொரு தேர்தல் விளம்பரத்துக்கும் ஒரு ஃபைல். சான்றின் எண், சான்று பெற்ற வீடியோ, அதிலிருந்து வெட்டிய 15 நொடி, 6 நொடிப் பதிப்புகளுக்குத் தனித்தனிச் சான்று, தினசரி மாவட்டவாரி ரிப்போர்ட் இந்திய நேரத்தில், நிறுத்திய நேரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில். வழக்குப் போடும் அவகாசம் முடியும்வரை எதையும் அழிப்பதில்லை, வழக்கு வந்தால் அது முடியும்வரை. ஆர்.ஓ.விலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிட்டேன். சில தளங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகின்றன. சில, மாவட்டவாரி விவரம் தர முடியாது என்று அந்த வரியை அடித்துவிட்டு அனுப்புகின்றன.

விளம்பரம் ஓடி முடிந்ததும், எத்தனை பார்வை, எந்தெந்த மாவட்டம், உண்மையில் ஆன செலவு என்று ஒரு பக்கத்தில் எழுதி, வாடிக்கையாளரின் சம்மதத்தோடு சான்று கொடுத்த கமிட்டியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சிலர் வாங்கி, பழைய விண்ணப்பத்தோடு சேர்த்துக் குத்தி வைக்கிறார்கள். படிவத்தில் இல்லாததை எந்த ஃபைலில் வைப்பது என்று சிலர் திருப்பிக் கொடுக்கிறார்கள். திருப்பிக் கொடுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை எங்கள் ஃபைலில் வைத்துக்கொள்கிறேன்.